பாகாலா வழி: தொலைவு நேரமாக மாறிய வரலாறு

சென்னைக்கும் மும்பைக்கும் இடையே எவ்வளவு தூரம் என்ற கேள்விக்கு எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் ஒரே விடை இருந்ததில்லை. புவியின் மையத்தையே தன் மையமாகக் கொண்ட பெருவட்டத்தின் வழியே, அதாவது உருண்டைப் பரப்பின் மீது வரையக்கூடிய மிகக் குறுகிய கோட்டில் அளந்தால் அது ஏறத்தாழ 1,030 கிலோமீட்டர். ரேணிகுண்டா, குண்டக்கல், ராய்ச்சூர் வழியாகச் செல்லும் ரயில் பாதையில் ஏறத்தாழ 1,280 கிலோமீட்டர். விமான அட்டவணையைப் பார்ப்பவருக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம். ரயிலில் செல்பவருக்கு ஏறத்தாழ ஒரு முழு நாள். முதலாவதை நேர்த்தொலைவு என்றும், இரண்டாவதை வழித்தொலைவு என்றும், மற்றவற்றைப் பயண நேரம் என்றும் பிரித்துச் சொல்லலாம். நேர்த்தொலைவு மாறுவதில்லை. மற்ற இரண்டும், இரு நகரங்களுக்கும் நடுவில் உள்ள நிலத்தில் யார் எதைக் கட்டினார்கள், எதை அளந்தார்கள், எதைக் கட்டாமல் விட்டார்கள் என்பதைப் பொறுத்தே காலந்தோறும் மாறி வந்திருக்கின்றன. ஆகவே இரு பெருநகரங்களின் தொலைவைப் பற்றிய வரலாற்றை அந்த நகரங்களில் தேடுவதைவிட, நடுவில் உள்ள சிற்றூர்களில் தேடுவதே பொருத்தமானது. அத்தகைய ஊர்களில் ஒன்று பாகாலா.

திருப்பதிக்குத் தென்மேற்கே ரயில் பாதையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டரிலும், காட்பாடிக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரிலும் பாகாலா உள்ளது. 1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டம் உருவாக்கப்படும் வரை இது வட ஆர்க்காடு மாவட்டத்துக்கு உட்பட்ட பகுதியாக இருந்தது. 2022 ஏப்ரலில் ஆந்திர மாநிலத்தின் மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது புதிய திருப்பதி மாவட்டத்துக்குள் வந்தது. விழுப்புரம், திருவண்ணாமலை, வேலூர்ப் பக்கங்களிலிருந்து ரயிலேறித் திருவேங்கடவனைத் தரிசிக்கச் செல்லும் தமிழ்க் குடும்பங்கள், சித்தூரைத் தாண்டியதும் வரும் பெரிய சந்திப்பு நிலையமாக இதைத் தலைமுறைகளாக அறிந்திருக்கின்றன. ஆனால் அந்தச் சந்திப்பு அங்கே ஏன் அமைந்தது என்பதைப் புரிந்துகொள்ள, ரயிலுக்கு முன்பு தொலைவு எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

தமிழகத்திலும் அதை ஒட்டிய நாடுகளிலும் நெடுவழித் தொலைவு காதத்தால் சொல்லப்பட்டது. பிற்கால அகராதிகள் ஒரு காதத்தை ஏறத்தாழ பத்து மைல் என்று குறிப்பிட்டாலும், நடைமுறையில் அதன் அளவு இடத்துக்கு இடம் வேறுபட்டது. அதைவிடச் சிறிய அலகான நாழிகை வழி, ஒரு நாழிகையில், அதாவது 24 நிமிடத்தில் ஒருவர் நடந்து கடக்கும் தொலைவாகும். இதில் தூரமும் நேரமும் ஒரே அலகுக்குள் அடங்கியிருப்பதைக் காணலாம். தருமபுரிப் பகுதியில் கிடைத்துள்ள 13-ஆம் நூற்றாண்டுக் காதக் கற்கள், அதியமான் பெருவழி என்னும் சாலையில் நாவற்தாவளம் என்ற இடத்துக்கு இன்னும் எத்தனை காதம் உள்ளது என்பதை எழுத்தாலும் எண்ணாலும் மட்டுமன்றிக் குழிகளாலும் காட்டுகின்றன. கல்லில் குடைந்த பெரிய குழி பத்தைக் குறிக்கும், சிறிய குழி ஒன்றைக் குறிக்கும். எழுத்தறியாத வண்டிக்காரரும் இருட்டில் வந்தவரும் கல்லை விரலால் தடவியே மீதித் தொலைவைத் தெரிந்துகொள்ளலாம். வழிப்போக்கரின் தேவையை இவ்வளவு நுட்பமாக எண்ணிப் பார்த்த ஒரு சாலை நிர்வாகம் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த வட்டாரத்துக்கு அண்மையில் இயங்கியது என்பது பெருமையுடன் நினைக்கத்தக்கது.

எந்த ஊரிலிருந்து தொலைவு எண்ணப்படுகிறது என்பதும் மாறியது. விஜயநகர அரசின் கடைசிக் கால மன்னர்கள் சந்திரகிரியையும் வேலூரையும் இருப்பிடமாகக் கொண்டிருந்தபோது, பாகாலா வட்டாரம் ஆட்சி மையத்தை ஒட்டியிருந்தது. கடற்கரையோ அரசின் ஓரமாக இருந்தது. 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனியார் அந்த ஓரத்தில் ஒரு மணற்பரப்பைக் கொடையாகப் பெற்றார்கள். அந்த மணற்பரப்பே சென்னை நகரமாகி, ஒன்றரை நூற்றாண்டுக்குள் உள்நாடு முழுவதற்கும் தொலைவெண்ணும் தொடக்கப் புள்ளியாகிவிட்டது. சந்திரகிரி அந்தக் கணக்கில் சென்னையிலிருந்து இத்தனை மைல் என்று குறிக்கப்படும் இடமாகியது.

பதினெட்டாம் நூற்றாண்டின் கம்பெனி நில அளவையாளர்கள், சுற்றளவு தெரிந்த சக்கரத்தைச் சாலையில் உருட்டிச் சென்று சுழற்சிகளை எண்ணி வழித்தொலைவைப் பெற்று, சாலையின் வளைவுகளுக்காக ஒரு பங்கைக் கழித்து நேர்த்தொலைவை ஊகித்தனர். ஜேம்ஸ் ரென்னல் 1780-களில் வெளியிட்ட புகழ்பெற்ற இந்துஸ்தான் வரைபடம் பெரும்பாலும் இத்தகைய வழிக் குறிப்புகளைத் தொகுத்து உருவானதே. கழிவு எவ்வளவு என்பது அனுபவத்தைச் சார்ந்த மதிப்பீடாகையால், மலைத்தொடர்கள் குறுக்கிடும் உள்நாட்டில் பிழை பெருகியது. அந்தப் பிழையின் அளவை வெளிக்கொணர்ந்தவர் வில்லியம் லாம்டன். 1802-ல் பரங்கிமலைக்கு அருகே, ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை எஃகுச் சங்கிலியால் அளந்த அவர், அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள குன்றொன்றின் கோணங்களை எடுத்து, அளக்காமலேயே மற்ற இரு பக்கங்களின் நீளத்தைக் கணக்கிடும் முக்கோண அளவை முறையை மேற்கு நோக்கிக் கொண்டு சென்றார். ஏறத்தாழ அரை டன் எடையுள்ள கோணமானி குன்றுகளின் உச்சிக்கு ஆட்களால் சுமந்து ஏற்றப்பட்டது. மங்களூர்க் கரையை எட்டியபோது, பழைய வரைபடங்களில் 400 மைல் என்று காட்டப்பட்டிருந்த தீபகற்பத்தின் அகலம் உண்மையில் 360 மைல்தான் என்று தெரிந்தது. நாற்பது மைல் நிலம் எங்கும் தொலைந்துபோகவில்லை. வளைந்த சாலைகளுக்கும் நேர்க்கோட்டுக்கும் உள்ள வேறுபாடு தவறாகக் கணிக்கப்பட்டிருந்தது.

நேர்த்தொலைவு துல்லியமானதால் பயணம் விரைவுபட்டுவிடவில்லை. அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது ரயில். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது. அதன் கிளையாக அரக்கோணத்திலிருந்து வடமேற்காகச் சென்ற பாதை ரேணிகுண்டா, கடப்பை வழியாக நீண்டு, 1871-ல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பக்கத்திலிருந்து வந்த பாதையுடன் இணைந்தது. சென்னைக்கும் பம்பாய்க்கும் இடையிலான ரயில் தொலைவு அன்று நிலைபெற்றது. இந்தப் பெரும்பாதை அகலப்பாதை, அதாவது இரு தண்டவாளங்களுக்கு இடையே 5 அடி 6 அங்குலம் விட்டு அமைக்கப்பட்டது. பாகாலா அந்தப் பாதைக்கு வெளியே நின்றது.

அதன் முறை இரண்டு பத்தாண்டுகளுக்குப் பிறகு வந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில் பெல்லாரி, கடப்பை, வட ஆர்க்காடு உள்ளிட்ட மாவட்டங்கள் பேரழிவுக்கு ஆளாயின. சென்னைக் கடற்கரையில் தானிய மூட்டைகள் மலையாகக் குவிந்திருந்தும், ரயில் எட்டாத ஊர்களுக்கு அவற்றைக் கொண்டு சேர்க்க வழியில்லாமல், இருந்த மாடுகளும் தீவனமின்றி மடிந்துகொண்டிருந்தன. நகரத்துக்கும் பசித்த ஊருக்கும் இடையிலான தூரம் மைலில் சிறியதாயினும், வண்டி மாடு செத்துவிட்டால் அது கடக்க முடியாத தூரமாகிவிடும் என்பதை அந்தப் பஞ்சம் கொடூரமாகக் காட்டியது. 1880-ல் அறிக்கையளித்த பஞ்சக் கமிஷன், லாபம் தராவிட்டாலும் வறட்சிப் பகுதிகளுக்கு உணவு கொண்டு செல்லக்கூடிய காப்புப் பாதைகள் தேவை என்று வற்புறுத்தியது. இந்தக் கொள்கை நடைமுறைக்கு வந்த காலத்தில், தென்னிந்திய ரயில்வே கம்பெனி விழுப்புரத்திலிருந்து வேலூர், காட்பாடி, சித்தூர், பாகாலா வழியாகத் தர்மாவரம் வரை ஒரு மீட்டர் கேஜ் பாதையை, அதாவது தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர் மட்டுமே கொண்ட சிக்கனமான பாதையை 1890-களின் தொடக்கத்தில் இயக்கத்துக்குக் கொண்டுவந்தது. பாகாலாவிலிருந்து கிழக்கே திருப்பதி, ரேணிகுண்டா, கூடூர் நோக்கி மற்றொரு மீட்டர் கேஜ் பாதை பிரிந்தது. தெற்கு, வடமேற்கு, கிழக்கு என மூன்று திசைப் பாதைகள் கூடிய இடத்தில் பாகாலா சந்திப்பாயிற்று.

இந்தச் சந்திப்பின் உண்மையான மதிப்பு இந்தியாவின் வரைபடத்தைச் சற்று விலகி நின்று பார்த்தால்தான் புலப்படும். தர்மாவரத்திலிருந்து குண்டக்கல்லுக்கும், அங்கிருந்து பெல்லாரி, ஹூப்ளி வழியாக மர்மகோவா துறைமுகத்துக்கும் பூனாவுக்கும் செல்லும் பாதைகளும் மீட்டர் கேஜே. ஆகவே தமிழகத்தின் தென்மாவட்ட மீட்டர் கேஜ் பாதைகளையும் தக்காணத்தின் மீட்டர் கேஜ் பாதைகளையும் இணைக்கும் பாலமாகப் பாகாலா வழி அமைந்தது. தூத்துக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ ஏற்றப்பட்ட சரக்கு, வழியில் ஒருமுறையும் இறக்கப்படாமல் அதே பெட்டியில் மேற்குக் கடற்கரை வரை போகலாம். அதே சரக்கு அகலப்பாதைக்கு மாற வேண்டுமானால், காட்பாடி போன்ற இடங்களில் இரு அகலங்களின் தண்டவாளங்கள் அருகருகே வந்து நிற்கும் மேடைகளில், மூட்டை மூட்டையாகத் தோளில் சுமந்து ஒரு பெட்டியிலிருந்து எடுத்து மற்றொன்றில் அடுக்க வேண்டும். அங்கே செலவாகும் நேரத்தைப் பாதையின் மைல் கணக்கு காட்டுவதில்லை. அகலம் மாறாத நீண்ட சுற்றுவழி, அகலம் மாறும் குறுக்குவழியைவிடச் சரக்குக்கு அருகிலானதாக இருக்க முடிந்தது. பாகாலா முக்கியத்துவம் பெற்றது இந்தக் கணக்கினால்தான். ஊரின் விளைச்சலாலோ மக்கள்தொகையாலோ அன்று.

ரயில் போட்டவர்கள் தொலைவின் மீது செலுத்திய உரிமைக்கு இன்னொரு சான்றாக, இந்தப் பாதையில் பீலேருவுக்கும் கதிரிக்கும் இடையே உள்ள மதனப்பள்ளி ரோடு நிலையத்தைக் குறிப்பிடலாம். ரயில் சொல்வழக்கில் ஓர் ஊர்ப்பெயரை அடுத்து ரோடு என்று வந்தால், ஊர் அங்கே இல்லை, அங்கிருந்து சாலையில் போக வேண்டும் என்பது பொருள். மதனப்பள்ளி நகரம் அந்த நிலையத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கம்பெனிக்குத் தோதான சரிவில் பாதை போயிற்று. எஞ்சிய தூரத்தை ஊர்க்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

வழித்தொலைவு நிலைபெற்றபின், நேரத்தையும் ஒழுங்குபடுத்த வேண்டியிருந்தது. ரயிலுக்கு முன்பு ஒவ்வோர் ஊரும் தன் தலைக்கு மேல் சூரியன் வரும் வேளையையே உச்சியாகக் கொண்டிருந்தது. கிழக்கிலிருந்து மேற்கே ஒரு தீர்க்கரேகைப் பாகை நகர்ந்தால் உச்சிவேளை நான்கு நிமிடம் பிந்தும். அதன்படி பாகாலாவின் நண்பகல் சென்னையின் நண்பகலைவிட ஏறத்தாழ நாலரை நிமிடமும், தர்மாவரத்தின் நண்பகல் ஏறத்தாழ பத்து நிமிடமும் பிந்தியவை. நடந்து செல்பவருக்கு இது ஒரு பொருட்டில்லை. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் இரு வண்டிகளுக்கோ நிமிடக் கணக்கு உயிர்க் கணக்கு. அதனால் நுங்கம்பாக்கத்தில் 1792-ல் கட்டப்பட்ட வானாய்வகத்தின் கடிகாரம் காட்டிய சென்னை நேரத்தை, ஏறத்தாழ 1870 முதல் இந்திய ரயில்வேக்கள் தங்கள் பொது நேரமாகக் கொண்டன. கிரீன்விச் நேரத்துக்கு 5 மணி 21 நிமிடம் முந்திய அந்த நேரம், பம்பாயின் உள்ளூர் நேரத்தைவிட அரைமணி கூடுதலாக இருந்ததால், பம்பாயில் ஊர்க் கடிகாரமும் ரயில் கடிகாரமும் பல பத்தாண்டுகள் ஒத்துப்போகாமலே ஓடின. 1906-ன் தொடக்கத்தில் 82½ பாகைத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்ட இந்தியத் திட்ட நேரம் வந்தபோது, சென்னைக் கடிகாரங்களும் ஏறத்தாழ ஒன்பது நிமிடம் முன்னால் தள்ளப்பட்டன. இரண்டு நகரங்களுக்கு இடையிலான பயண நேரத்தைப் புறப்பாட்டையும் வருகையையும் கழித்துப் பெறலாம் என்னும் எளிய செயல், இந்த ஒழுங்குக்குப் பின்னரே பொருளுடையதாயிற்று.

வானவழிப் பயணம் இந்த வட்டாரத்தை அடைந்தது 1932-ல். லண்டனிலிருந்து கராச்சி வரை இம்பீரியல் ஏர்வேஸ் விமானங்கள் 1929 முதல் தபால் கொண்டுவந்தன. கராச்சியிலிருந்து தெற்கே அந்தத் தபாலை எடுத்துச் செல்லும் சேவையை டாடா நிறுவனம் தொடங்கியது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா ஏறத்தாழ 25 கிலோ தபாலுடன் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய் வரை ஒரு புஸ் மாத் விமானத்தை ஓட்டிவந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொண்டு சேர்த்தவர் நெவில் வின்சென்ட். பெல்லாரிக்கும் சென்னைக்கும் நேர்க்கோடு வரைந்தால் அது திருப்பதியை ஒட்டியும், பாகாலாவுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளியும் செல்கிறது. நீளம் ஏறத்தாழ 430 கிலோமீட்டர். மணிக்கு நூறு மைல் வேகத்தில் பறந்த அந்தச் சிறு விமானத்துக்கு, காற்று அமைதியாக இருந்தால், மூன்று மணிக்கும் குறைவான பறப்பு. குண்டக்கல்லிலிருந்து தர்மாவரம், கதிரி, பீலேரு, பாகாலா, சித்தூர், காட்பாடி என்று ஒவ்வொரு நிலையமாக நின்று வந்த மீட்டர் கேஜ் வண்டிக்கு முதன்முறையாக வானத்தில் ஒரு போட்டி தோன்றியது. எனினும் அது நடுவிலுள்ள ஊர்களைத் தொடவில்லை. ரயில் எவ்வளவு வேகமாகப் போனாலும் பாகாலா வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. விமானத்துக்கு அந்த ஊர் தேவைப்படவில்லை.

அப்படியானால் பறக்கும் நேரத்தைத் தீர்மானிப்பது நேர்த்தொலைவு மட்டும்தானா என்றால், அங்கேயும் இடைவெளி தன் பங்கைக் கேட்கிறது. விமானத்தின் வேகம் அது மிதக்கும் காற்றைப் பொறுத்தது; காற்றே நகரும்போது தரையைப் பொறுத்த வேகம் கூடவோ குறையவோ செய்யும். சென்னை–மும்பை நேர்த்தொலைவை மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கும் விமானத்துக்கு, மணிக்கு 70 கிலோமீட்டர் காற்று பின்னிருந்து வீசினால் 71 நிமிடம் ஆகும், எதிர்த்து வீசினால் 85 நிமிடம் ஆகும். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் தரையில் ஓடுவதற்கும் ஆகும் நேரத்தைச் சேர்த்தே அட்டவணையின் இரண்டு மணி வருகிறது. விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகர்ந்த கணம் முதல் மறுமுனையில் வந்து நின்ற கணம் வரை எண்ணுவதே விமானத்துறையின் வழக்கம். வட இந்தியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் மேலே வேகமான மேற்குக் காற்றுகள் வீசுவதால் மேற்கு நோக்கிய பயணம் பொதுவாக நீளும். தென்னிந்தியாவுக்கு மேலே தென்மேற்குப் பருவமழை மாதங்களில் இது தலைகீழாகிறது. அப்போது உயர்வானில் கிழக்கிலிருந்து மேற்காக வலிய ஓட்டமொன்று வீசுகிறது. வெப்பமண்டலக் கிழக்குத் தாரைக்காற்று எனப்படும் இதை 1958-ல் தம் ஆய்வுக் கட்டுரையில் விளக்கியவர் இந்திய வானிலைத் துறையின் பி. கோடேஸ்வரம்.

இந்தக் காற்றைத் தரையிலிருந்து தொடர்ந்து அளக்கும் இந்தியாவின் மிக முக்கியமான கருவி பாகாலாவிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருப்பது, இந்த வரலாற்றின் மிகச் செறிவான பகுதி. சந்திரகிரி வட்டாரத்தில் உள்ள காதங்கி கிராமத்தில் 1990-களின் தொடக்கத்தில் எம்.எஸ்.டி. ராடார் நிறுவப்பட்டது, அந்த மையம் 2005-ல் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடமாயிற்று. மீசோஸ்பியர், ஸ்ட்ராட்டோஸ்பியர், ட்ரோபோஸ்பியர் என்னும் மூன்று வளி அடுக்குகளின் முதலெழுத்துகளே ராடாரின் பெயர். ஏறத்தாழ 130 மீட்டர் நீளமும் அதே அகலமும் உள்ள சதுர நிலத்தில், வரிசைக்கு 32 வீதம் 32 வரிசைகளாக 1,024 ஆன்டெனாக்கள் வானை நோக்கி நிற்கின்றன. வீட்டுக் கூரைகளில் முன்பு காணப்பட்ட தொலைக்காட்சி ஆன்டெனாவை நிமிர்த்தி நட்டதுபோன்ற தோற்றம். அவை 53 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அலைத்துடிப்புகளை மேலே அனுப்புகின்றன. காற்றின் வெப்பமும் ஈரமும் சீரற்றிருக்கும் இடங்களில் அலையின் மிகச்சிறு பங்கு சிதறித் திரும்புகிறது. திரும்பிய அலையின் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதிலிருந்து, அந்த உயரத்தில் காற்று எத்திசையில் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று கணக்கிடப்படுகிறது. லாம்டனின் கோணமானி தரையின் மேல் செய்ததை, இந்த ஆன்டெனா வயல் வானத்தின் மேல் செய்கிறது.

பாகாலாவின் தண்டவாளங்களோ இதற்கிடையே அகலம் மாறின. 1992-ல் தொடங்கிய யூனிகேஜ் திட்டம், நாடு முழுவதும் மீட்டர் கேஜ் பாதைகளை அகலப்பாதையாக்கும் நோக்கில் படிப்படியாக நடந்தது. விழுப்புரம்–காட்பாடிப் பகுதியும் பாகாலா–தர்மாவரம் பகுதியும் 2010-ஐ ஒட்டி மாற்றப்பட்டன. மூட்டை மாற்றும் மேடைகளின் தேவை ஒழிந்தது. தொலைதூர வண்டிகள் தடையின்றி ஓடின. அதே மாற்றத்தால், மீட்டர் கேஜ் உலகின் தவிர்க்க முடியாத இணைப்பு என்ற பழைய தகுதியைப் பாகாலா இழந்தது. எல்லாப் பாதையும் ஒரே அகலமானபின் வண்டி எந்த வழியாகவும் போகலாம். இது நாட்டுக்கு நன்மையே என்பதில் ஐயமில்லை. எனினும் அந்த நன்மையின் கணக்கில் சந்திப்பு ஊர்களின் இழப்பு எழுதப்பட்டதில்லை என்பதையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும்.

ரேணிகுண்டாவில் உள்ள திருப்பதி விமான நிலையத்துக்கு 2015 அக்டோபர் 22 அன்று புதிய முனையம் திறக்கப்பட்டது. பாகாலாவிலிருந்து அது ஏறத்தாழ 50 கிலோமீட்டர். சென்னையின் மீனம்பாக்கம் நேர்க்கோட்டிலேயே ஏறத்தாழ 125 கிலோமீட்டர். சாலையில் செல்பவர் மூன்று மணி நேரமாவது ஒதுக்க வேண்டும், அதன்பின் விமானம் புறப்படும் முன் நிலையத்தில் காத்திருக்கும் நேரமும் உண்டு. அவ்வாறு சென்னை வழியாக மும்பைக்குப் போகும் பாகாலாவாசிக்கு, அட்டவணை காட்டும் இரண்டு மணி நேரத்தைவிட விமானத்தில் ஏறும்வரை ஆகும் நேரமே அதிகம். அந்த நேரத்தை விமானத்தின் வேகத்தால் குறைக்க முடியாது. ரேணிகுண்டாவிலிருந்து கிளம்பும் சேவைகளும், பாகாலாவிலிருந்து அங்கே காலை வேளையில் போய்ச் சேரும் ரயில்களும் எத்தனை என்பதே அதைத் தீர்மானிக்கிறது.